முதல் சனிக்கிழமை, மூன்று மணி முதல் ஐந்து வரை

பாக்கியவதி போர்டிங்கில் வேலைக்கு வந்தபோது அவளுக்கு முப்பது வயது. புருஷன் எலியேசர் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் காலரா அள்ளிக்கொண்டு போன வருஷம் அது. வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர் ஒருநாள் காலையில் தானும் படுத்தார்; பொழுது சாயுமுன் போய்விட்டார். பத்து வயதுப் பெண் கிரேசோடு நின்றவளைப் பாளையங்கோட்டைக்கு வரச்சொல்லி, ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியின் போர்டிங்கில் மேட்ரன் வேலை கொடுத்தார்கள். கிரேசுக்கு அங்கேயே படிப்பும் சாப்பாடும்.

பள்ளியை நடத்திய வெள்ளைக்கார அம்மாளை எல்லாரும் மிஸ்ஸியம்மாள் என்றுதான் சொல்வார்கள். முன்ஷி வைத்துக் கற்றுக்கொண்ட தமிழில், எழுத்தெழுத்தாக நிறுத்திப் பேசுவாள். முதல் நாளே பாக்கியவதியை அலுவல் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"பாக்கியவதி, இங்கே தொண்ணூறு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ தொண்ணூறு பேருக்கும் தாய். ஒருத்திக்கு மாத்திரம் தாயாக இருந்தால் மற்ற எண்பத்தொன்பது பேரும் அனாதைகள் ஆவார்கள். உன் மகள் உன்னை மற்றவர்களைப் போல மேட்ரனம்மா என்று கூப்பிட வேண்டும். மற்றவர்களோடு வரிசையில் படுக்க வேண்டும், வரிசையில் சாப்பிட வேண்டும்."

"அப்பம் அவகூட நான் பேசவே கூடாதா, அம்மா?"

"பெற்றோர் வந்து பார்க்கும் நாள் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, மூன்று மணி முதல் ஐந்து வரை. நீயும் ஒரு பெற்றோர்தானே. அப்போது பேசு."

இதில் குரூரம் ஒன்றும் இருப்பதாக மிஸ்ஸியம்மாள் நினைக்கவில்லை. பாக்கியவதியும் நினைக்கவில்லை. வீடு வாசல் இல்லாதவளுக்குக் கூரையும் சோறும் மகளுக்குப் படிப்பும் கிடைத்திருக்கிறது. அதற்கு இது பெரிய விலை இல்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

போர்டிங்கில் எல்லாவற்றுக்கும் மணி உண்டு. ஐந்து மணிக்கு எழுந்து பாயைச் சுருட்டி, கிணற்றடியில் பத்துப் பத்துப் பேராகக் குளித்து, ஜெபம் முடித்து, ஏழு மணிக்குக் கேப்பைக் கஞ்சி. மத்தியானம் சோறும் புளிக்குழம்பும். ஞாயிற்றுக்கிழமை கருவாடு. சனிக்கிழமை காலையில் இரண்டிரண்டு பேராக வண்ணாரப்பேட்டை ஆற்றுக்கு நடந்துபோய்த் துணி துவைத்து வர வேண்டும். வழியில் யாரோடும் பேசக்கூடாது. மிஸ்ஸியம்மாளின் சீட்டு இல்லாமல் ஒரு பிள்ளை கேட்டைத் தாண்டக்கூடாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தை ஒட்டாமல் கொடுக்க வேண்டும்.

நோய்க்கும் ஒழுங்கு உண்டு. காலை ஆறரை மணிக்கு, உடம்பு சரியில்லாதவர்கள் பின்பக்கத்து வராந்தாவில் வரிசையாக நிற்பார்கள். சுவரில் ஒரு பலகை. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து, சிக்கறை என்ற நோயாளி அறையில் படுக்கை. தலைவலிக்கு ஈரத்துணி, பிறகு வகுப்பு. வயிற்றுவலிக்கு ஓர் அவுன்ஸ் விளக்கெண்ணெய்; மத்தியானச் சோறு கிடையாது. வயிற்றுவலி என்று பொய் சொல்லி வகுப்புக்கு மட்டம் போடுகிறவர்களுக்கு இந்த எண்ணெய்தான் மருந்து என்று வாத்திச்சிமார் சிரித்துக்கொள்வார்கள். டாக்டர் சத்தியநேசன் திங்களும் வியாழனும் வந்து சிக்கறையைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பலகையும் பாக்கியவதியும்தான்.

முதல் சனிக்கிழமைகளில் தகப்பன்மாரும் தாய்மாரும் வேப்பமரங்களுக்குக் கீழே அங்கங்கே வட்டமாக உட்காருவார்கள். முறுக்கும் அவித்த பனங்கிழங்கும் மூட்டையிலிருந்து வெளியே வரும். பாக்கியவதி மேட்ரனுக்கான வெள்ளைச் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, எலியேசர் வாங்கித் தந்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்தவளைப் போலக் கேட்டுப் பக்கமிருந்து நடந்து வருவாள். கிரேசுக்கு அது பெரிய வேடிக்கை. "எந்த ரயில்ல வந்தீக, எம்மா?" என்று கேட்பாள். "அம்பாசமுத்திரம் ரயிலு. ஒரே கூட்டம்ட்டி" என்பாள் பாக்கியவதி. இரண்டு மணி நேரமும் தலையைப் பார்த்துவிடுவாள், நகத்தைப் பார்ப்பாள், பாவாடை ஓரத்தில் பிரிந்த தையலைப் போட்டுக் கொடுப்பாள். ஐந்து மணி அடித்ததும் எழுந்துபோய் வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவாள். அந்த வரிசையில் கிரேசும் நிற்பாள்.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. கிரேஸ் பயிற்சி வகுப்புக்கு வந்துவிட்டாள். பதினாறு வயது, நெடுநெடுவென்று அப்பா சாடை. இன்னும் ஒரு வருஷத்தில் பரீட்சை முடிந்தால் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும். அங்கே ஒரு வீடு பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று சனிக்கிழமைகளில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு பேச்சு கிளம்பிற்று. சமையற்கார சாரம்மாள் மேட்ரன் மகளுக்கு மட்டும் அடிக்கஞ்சியாகக் கெட்டியாய் ஊற்றுகிறாள் என்று யாரோ மிஸ்ஸியம்மாள் காதில் போட்டுவிட்டார்கள். அது பொய். ஆனாலும் பாக்கியவதி அன்றைக்கே அடுப்பங்கரைக்குப் போனாள்.

"சாரம்மக்கா, இனிமே கிரேசுக்கு மேலாப்புல கோரி ஊத்துங்க."

"தண்ணியாட்டம்லா இருக்கும். வளருத பிள்ளை."

"இருக்கட்டும்."

சாரம்மாள் மேலாகவே கோரி ஊற்றினாள். கிரேஸ் அதையே குடித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும்.

மார்ச் மாதம் முதல் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தது. அன்று காலை வராந்தா வரிசையில் ஏழு பேர். ஐந்தாவதாகக் கிரேஸ் நின்றாள். பாக்கியவதி பார்த்தாள், முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் முன்னால் நின்ற நாலு பேரையும் முறைப்படி பார்த்து முடித்தாள். ஒருத்திக்குக் காலில் முள், ஒருத்திக்குத் தலைவலி, இரண்டு பேருக்குக் காய்ச்சல். பிறகு மகளின் முறை வந்தது.

"மேட்ரனம்மா, வயித்த வலிக்கி."

"எங்கன?"

"மொதல்ல தொப்புளச் சுத்தி இருந்துச்சு. இப்பம் வலது பக்கமா எறங்கியிருக்கு."

பாக்கியவதிக்குக் கை நீண்டது. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், நெற்றியில் புறங்கையை வைக்க வேண்டும் என்று இருந்தது. பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகளும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வயிற்றுவலி என்று வந்தால் அவள் தொட்டுப் பார்ப்பதில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து அளந்து, சுக்குத் தண்ணீரில் ஊற்றிக் கொடுத்தாள். கிரேஸ் பாதியில் குமட்டி நிறுத்தினாள்.

"முழுக்கக் குடி."

குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் எல்லாரும் சொல்ல வேண்டிய "ஸ்தோத்திரம், மேட்ரனம்மா"வைச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு பைய நடந்து வகுப்புக்குப் போனாள்.

சாயங்காலம் கிணற்றடியில் பார்த்தபோது, "வலி சட்டுனு விட்டுட்டு, மேட்ரனம்மா" என்றாள். பாக்கியவதிக்கு மூச்சு வந்தது. எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை மணி அடித்ததும் கிரேசால் எழுந்திருக்க முடியவில்லை. நாலு பிள்ளைகள் பாயோடு தூக்கிக்கொண்டு சிக்கறைக்கு வந்தார்கள். வயிறு கல்லாக இறுகிக் கிடந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மிஸ்ஸியம்மாளே வண்டியை அனுப்பி டாக்டரை அழைத்து வரச் செய்தாள். ஒன்பது மணிக்குச் சத்தியநேசன் வந்தார். வெகுநேரம் கை வைத்துப் பார்த்தார்.

"என்ன கொடுத்தீங்க?"

"வெளக்கெண்ணெய். நேத்து காலம்பற."

அவர் போர்வையை இழுத்துவிட்டு எழுந்தார். வராந்தாவுக்கு வந்ததும் மிஸ்ஸியம்மாளிடம் இங்கிலீஷில் பேசினார். பிறகு பாக்கியவதியிடம் தமிழில் சொன்னார். குடல்வாலில் சீழ் கட்டியிருந்திருக்கிறது. அது உடைந்து வயிறு முழுக்கப் பரவிவிட்டது. அறுத்து எடுக்கிற பெரிய டாக்டர்மார் மதுரையில் உண்டு. ஆனால் ரயில் ஏற்றினால் வழியிலேயே முடிந்துவிடும்.

அன்று முதல் சனிக்கிழமை. மூன்று மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். வேப்பமரத்தடியில் பேச்சும் சிரிப்பும் வழக்கம்போல எழுந்து, மேட்ரன் மகளுக்கு முடியவில்லை என்று தெரிந்ததும் தணிந்தது. சிக்கறையில் பாக்கியவதி மகளின் தலையை மடியில் வைத்திருந்தாள். சேலை மாற்ற மறந்திருந்தாள்.

"மணி மூணு ஆயிட்டா?"

"ஆயிட்டு."

"எம்மா" என்றாள் கிரேஸ்.

"என்னம்மா. எப்பம்ட்டி தொடங்குச்சு இந்த வலி?"

"புதன்கிழமை."

"நேத்து வரைக்கும் ஏம்ட்டி சொல்லல? வியாழக்கிழம டாக்டரு வந்தாரே."

"சனிக்கிழமை வருதுல்லா. ஒங்ககிட்ட சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தாங்க முடியல, எம்மா. அதான் வரிசைக்கு வந்தேன்."

பாக்கியவதி அவள் தலைமயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள். ஐந்து மணி அடித்தபோது கிரேஸ் கண்ணைத் திறந்து, "மணி அடிச்சுட்டு, மேட்ரனம்மா. பிள்ளைக நிப்பாங்க. நீங்க போங்க" என்றாள். "நான் எங்கயும் போகல. அம்மான்னே கூப்புடு" என்று சொன்னது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. வாசலில் மிஸ்ஸியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலையை மட்டும் அசைத்துவிட்டு, தானே போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள்.

ஞாயிறு முழுக்கக் கிரேஸ் காய்ச்சலில் பிதற்றினாள். பிதற்றலிலும் அவள் கூப்பிட்டது மேட்ரனம்மாவைத்தான். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கையில், மூச்சு நின்றது. சாயங்காலம் எண்பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டிரண்டு பேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, சிக்கறையைப் பார்த்து முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்த டாக்டரிடம் பாக்கியவதி கேட்டாள்.

"நான் கொடுத்த எண்ணெயாலயா, டாக்டரையா?"

சத்தியநேசன் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எண்ணெய் கொடுக்காட்டாலும் பிழைச்சிருப்பான்னு யாரும் சொல்ல முடியாது."

"எண்ணெய் கொடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

"இப்பம் வருத புஸ்தகத்துல கூடாதுன்னுதான் எழுதியிருக்கான். வலது பக்கம் வலிச்சா பேதிக்குக் கொடுக்கவே கூடாது. இந்தப் பலகை எனக்கு முந்தியே எழுதினது. நானும் அதைப் படிச்சுப் பார்க்கல." துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, "அதை நான் பார்த்திருக்கணும்" என்றார்.

அன்றைக்கே அவள் அலுவல் அறைக்குப் போனாள். பலகையில் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்றாள். மிஸ்ஸியம்மாளின் கண்கள் சிவந்திருந்தன. கிரேசுக்கு அவள்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள். ஆனாலும் சம்மதிக்கவில்லை.

"இன்று அதை அழித்தால், எண்ணெய் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றார்கள் என்று பாளையங்கோட்டை முழுவதும் சொல்லும். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவார்கள். பள்ளி நிலைக்காது. கொஞ்ச காலம் போகட்டும்."

"அப்பம் பலகையில இருக்கட்டும். நான் கொடுக்க மாட்டேன்."

மிஸ்ஸியம்மாள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டாள் பாக்கியவதி. அம்பாசமுத்திரத்தில் இருந்த தம்பி வந்து கூப்பிட்டும் போகவில்லை. "நான் போயிட்டா அடுத்து வருதவ பலகையப் பாத்துல்லா கொடுப்பா" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள்.

அதன்பின் வயிற்றுவலி என்று வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெஞ்சில் படுக்கவைத்து, வலது பக்கம் அடிவயிற்றை விரலால் அழுத்தி, "இங்கன வலிக்கா? விட்டா வலிக்கா?" என்று கேட்பாள். தொட்டுப் பார்ப்பதில் இப்போது யார் பார்க்கிறார்கள் என்ற யோசனையே இல்லை. எண்ணெய் இல்லை என்றதும் வராந்தா வரிசை நீண்டது. கணக்குப் பரீட்சை அன்று பதினைந்து பேருக்கு வயிற்றுவலி. வாத்திச்சிமார் முணுமுணுத்தார்கள். மேட்ரனுக்கு மகள் செத்ததிலிருந்து புத்தி சரியில்லை என்றும் சொன்னார்கள். அவள் காதிலும் விழுந்தது. பதினைந்து பேரையும் ஒவ்வொருத்தியாகப் படுக்கவைத்துத்தான் அனுப்பினாள்.

அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. முதல் சனிக்கிழமைகளில் கேட்டைத் திறந்து விட்டுவிட்டு, சாரம்மாளோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அரிசி புடைப்பாள்.

இரண்டு வருஷம் கழித்து, பங்குனி வெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை, வடிவம்மாள் என்ற பிள்ளை வகுப்பிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் வேலை செய்கிற சங்கிலிபூதத்தானின் மகள். தாய் இல்லை, அந்தக் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான்.

"மேட்ரனம்மா, வயித்த வலிக்கி. மொதல்ல தொப்புளச் சுத்தி இருந்துச்சு. இப்பம் வலது பக்கமா எறங்கியிருக்கு."

பாக்கியவதி அவளைப் பெஞ்சில் படுக்கவைத்தாள். விரலால் அழுத்தினாள், பிள்ளை கத்தினாள். அவ்வளவுதான். டாக்டர் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. மிஸ்ஸியம்மாள் பரீட்சை அதிகாரிகளோடு பங்களாவில் இருந்தாள்; சீட்டு வாங்க அங்கே போய்க் காத்து நிற்க வேண்டும். பாக்கியவதி நிற்கவில்லை. தெருவில் போன ஒரு வில்வண்டியைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, சத்தியநேசன் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு விட்டாள். வழி முழுக்க மாட்டை விரட்டச் சொல்லிக்கொண்டே போனாள்.

சத்தியநேசன் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றைப் பல தடவை அழுத்தினார். வெளியே வந்து, "ஒண்ணுமே இல்லம்மா. பிள்ளை நல்லாருக்கா" என்றார்.

"நல்லாப் பாத்தீகளா?"

"நல்லாவே பாத்தேன்."

பாக்கியவதி உள்ளே போனாள். வடிவம்மாள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏட்டி, வலிக்கவே இல்லையா?"

பிள்ளை விசும்பினாள். "அடிக்காதீக, மேட்ரனம்மா. எங்கப்பா இன்னைக்குக் கொழும்புக்குப் போறாரு. தேயிலைத் தோட்டத்துக்கு. மத்தியான ரயில்ல தூத்துக்குடி போயிக் கப்பலேறுதாரு. ஆளப் பிடிச்சுக் கடுதாசி எழுதியிருந்தாரு. சனிக்கிழமைக்கு இன்னும் பதினோரு நாள் கெடக்கு. கிரேசக்காளுக்கு வந்த மாதிரி சொன்னா வெளிய கூட்டிட்டுப் போவீகன்னு பிள்ளைக சொன்னாங்க. வழியில எறங்கி ஓடிரலாம்னு நெனச்சேன்."

பாக்கியவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திடீரென்று அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, அவ்வளவு நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். பிள்ளை பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தாள். வாசலில் நின்ற டாக்டர் திரும்பிப் போய்விட்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரயிலு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு மணிக்குன்னு எழுதியிருந்தாரு."

வண்டிக்காரன் இன்னும் போகவில்லை. இரண்டு பேரும் ஏறினார்கள். பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவன் முப்பது நாற்பது பேரை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தான். சங்கிலிபூதத்தான் ஜன்னலுக்குள்ளிருந்து மகளைப் பார்த்துவிட்டு, நம்பாதவன்போல எட்டிப் பார்த்தான். கங்காணியிடம் கெஞ்சிக் கீழே இறங்கினான். மகளின் தலையைத் தொட்டான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எப்படித்தா வந்த? விடமாட்டாங்கன்னாங்களே."

"மேட்ரனம்மா கூட்டியாந்தாக."

அவன் பாக்கியவதியைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் கொஞ்சம் தள்ளிப் போய், தூண் பக்கம் நின்றுகொண்டாள். தகப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். ரயில் கிளம்பிப் புகை அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள்.

மிஸ்ஸியம்மாள் அலுவல் அறையில் காத்துக்கொண்டிருந்தாள்.

"அவள் பொய் சொல்கிறாள் என்று உனக்கு எப்போது தெரிந்தது?"

"ஆஸ்பத்திரியில."

"தெரிந்த பிறகும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனாயா?"

"ஆமா, அம்மா. அவ அப்பன் கடல் தாண்டிப் போறான். சனிக்கிழமை வரைக்கும் கப்பல் நிக்காது."

மிஸ்ஸியம்மாள் மேசை மேலிருந்த பதிவேட்டை மூடினாள். "ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்தால் நாளைக்குத் தொண்ணூறு பிள்ளைகளும் கேட்பார்கள். உன்னை இனி வைத்துக்கொள்ள என்னால் முடியாது, பாக்கியவதி."

"சரிதான்" என்றாள் அவள். "பிள்ளைய மட்டும் ஒண்ணும் செய்யாதீக. ஒண்ணு கேக்கேன், அம்மா. இனிமே வருதவளுக்கு அந்த எண்ணெய் விஷயத்தச் சொல்லிருங்க. பலகைய அழிக்காட்டாலும் வாயால சொல்லிருங்க."

"சொல்வேன்" என்றாள் மிஸ்ஸியம்மாள்.

மறுநாள் வகுப்பு நேரத்தில் பாக்கியவதி கிளம்பினாள். வெளியே வரப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. சாரம்மாள் மட்டும் கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்து, கேட்டு வரைக்கும் தகரப்பெட்டியைத் தூக்கி வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பாக்கியவதி அம்பாசமுத்திரம் ரயிலுக்கு நடந்தாள்.

தம்பி வீட்டில் நாலரை வருஷம் இருந்தாள். நெல் அவித்தாள், தம்பி பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். தெருவில் யாருக்கு வயிற்றுவலி என்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பாள். எண்ணெய் கொடுக்க வருகிறவர்களோடு சண்டை போடுவாள். விஷக்காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய வருஷம், ஐப்பசியில், மூன்று நாள் படுத்து இறந்துபோனாள். நாற்பத்திரண்டு வயது.

வடிவம்மாள் அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். செய்தி கேட்டுப் பள்ளிக்கூடத்தை அடைத்துவிட்டு வந்தாள். துஷ்டி வீட்டில் பெண்கள், "நீ யாருக்கு உறவு?" என்று கேட்டபோது, இதையெல்லாம் அவள்தான் சொன்னாள். தன் தகப்பன் கொழும்பிலிருந்து வரவே இல்லை என்றும், இரண்டாம் வருஷமே தோட்டத்தில் மலைக்காய்ச்சல் கண்டு அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். ஸ்டேஷனில் நின்று பேசிய அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது.